நாற்பது ரீடர்களைத் தூங்கவைத்து எழுப்பிய கதை

தூங்கவைப்பதும் எழுப்புவதும் என் தொழில். இரண்டில் ஏதாவது ஒன்றுதான் ஒரு நாளில் நடக்கும்.

காலை ஷிப்டுக்குப் புருஷனை எழுப்புகிறவர்கள், பள்ளி பஸ்ஸுக்குப் பிள்ளையை எழுப்புகிறவர்கள், தொட்டில் ஆட்டிக் கை ஓய்ந்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள். உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். நீங்கள் எழுப்புகிற ஆளாவது "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று முனகுவார். உயிரோடுதான் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். என்னுடையது முனகக்கூடச் செய்யாது.

கோலாலம்பூரை அடுத்த ரவாங்கில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. மின்புத்தகம் படிக்கிற கருவி செய்கிறோம். ரீடர் என்று சொல்வோம். கைப்பேசி மாதிரி கண்ணில் வெளிச்சம் அடிக்காது. அச்சடித்த தாள் மாதிரி இருக்கும். பேட்டரி வாரக்கணக்கில் நிற்கும் என்று பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கிறோம். அப்படி நிற்கவேண்டுமானால், படிக்காத நேரமெல்லாம் அது தூங்கவேண்டும். மூடியை மூடினால் தூங்கணும். திறந்தால் எழணும், அதுவும் விட்ட பக்கத்திலேயே எழணும். கேட்பதற்கு இவ்வளவுதான். இந்த இவ்வளவுக்குள் என் மூன்று வருஷம் போயிருக்கிறது.

என்ன வேலை?

பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு கல்யாண மண்டபம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை ராஜம்மா அத்தை. அம்மாவோடு எஸ்டேட்டில் ஒன்றாகப் புல்லு வெட்டியவர். சொந்தம் கிடையாது, ஆனால் சொந்தத்தைவிட அதிகமாகக் கேள்வி கேட்பார். என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அன்றைக்கு எனக்கு நாக்கில் சனி. ரீடர் என்றால் என்ன, மூடியில் காந்தம் எங்கே இருக்கிறது, அந்தக் காந்தம் பக்கத்தில் வந்ததும் உள்ளே இருக்கிற சின்ன உணரி எப்படித் தெரிந்துகொண்டு கருவியைத் தூங்கச் சொல்கிறது, விலகினால் எப்படி எழுப்புகிறது, இதற்கெல்லாம் நிரல் எழுதுவது நான்தான் என்று ரசம் வரும்வரை விளக்கினேன்.

அத்தை அப்பளத்தை உடைத்துப் போட்டுக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். கடைசியில் என்னை மேலும் கீழும் பார்த்து, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "யுனிவர்சிட்டி வரைக்கும் போயி, கடைசியில தாலாட்டுற வேலதான் கெடச்சுதா ஒனக்கு?"

வாக்கு

பத்மாக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகமுடியாது. எங்கள் எஸ்டேட்காரி. ஒரே லயத்து வரிசையில் நான்கு வீடு தள்ளி இருந்தோம். தமிழ்ப்பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள், இப்போது அதே பள்ளியில் ஆசிரியை. பிள்ளைகள் முன்னால் 'டீச்சர்' என்பேன், மற்ற நேரம் 'அக்கா'.

அந்தப் பள்ளி நூலகத்தை ஆற்று வெள்ளம் இரண்டு தடவை கொண்டுபோய்விட்டது. இரண்டாவது தடவை புத்தகங்கள் உப்பிப்போய்க் கிடந்ததைப் பிள்ளைகளே வாரிக் குப்பையில் போட்டார்கள். அதற்குப் பிறகு கோலாலம்பூரில் இருந்து ஒரு அறக்கட்டளை உதவிக்கு வந்தது. ஒரு அறை நிறையப் புதுப் புத்தகம் தருகிறோம், அல்லது நாற்பது ரீடர் தருகிறோம், ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள். பெற்றோர் எல்லாம் புத்தகம் என்றார்கள். பத்மாக்கா ஒருத்திதான் கேண்டீனில் நடந்த கூட்டத்தில் எழுந்து நின்று ரீடர் என்றாள். அடுத்த வெள்ளம் வந்தால் முழு நூலகத்தையும் இரண்டு பையில் போட்டுத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று வாதாடினாள். பெற்றோர் அரை மனதோடு தலையாட்டினார்கள். அறக்கட்டளை ஒரு நிபந்தனை போட்டது. விஜயதசமி அன்று அவர்களுடைய அதிகாரி வந்து பார்ப்பார். எல்லாம் நன்றாக ஓடினால் ரீடர்கள் பள்ளிக்கே சொந்தம். இல்லையென்றால் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒரு அறைப் புத்தகம் அதற்குள் வேறு பள்ளிக்குப் போயிருக்கும். மிச்சம் மீதி இருந்தால் இவர்களுக்கு.

நாற்பது ரீடரைக் கொண்டுபோய் இறக்கிய அன்று பத்மாக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நான் ஊரு முன்னால வாக்கு குடுத்துட்டேன், தேவி. ஒஞ் சாமான் எவ்ளோ வேணும்னாலும் தூங்கட்டும். எழுந்திரிக்கணும். அவ்ளோதான்."

நல்ல கதை

இந்தத் திரையில் ஒரு வினோதம் உண்டு. எழுத்தை ஒரு தடவை எழுதிவிட்டால், பேட்டரி முழுக்கச் செத்தாலும் அந்த எழுத்து அப்படியே நிற்கும். தூங்கும்போது தெரியட்டுமே என்று நாங்கள் சுருண்டு படுத்த பூனைப் படம் ஒன்று வரும்படி வைத்திருந்தோம். பூனை இருந்தால் தூக்கம். ஆனால் ஒரு பக்கம் திறந்திருக்கும்போதே பேட்டரி செத்துப்போனால் பூனை வராது. பக்கம்தான் நிற்கும். உயிர் போன முகத்தில் கண் திறந்திருக்கிற மாதிரி.

பள்ளியின் ஜாகா முனியாண்டி அண்ணன், முன்பு எஸ்டேட் டிராக்டர் ஓட்டியவர், வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும்போது படிக்க ஒரு ரீடரை வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை, சார்ஜ் ஏற்றாமலே கொடுத்தது. அடுத்த புதன்கிழமை நான் போனபோது கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே பெருமை. எத்தனையாவது பக்கம் என்று எட்டிப் பார்த்தேன். மூன்று. தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை. பேட்டரி எப்போதோ போயிருக்கிறது. அந்த மனிதர் ஐந்து நாளாக ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்! பக்கம் முடிந்தால் அதுவாகவே திரும்பும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

சாவதற்கு முன் ஒரு காலி பேட்டரிப் படமாவது வரவேண்டும் என்று அன்றைக்கே என் வேலைப் பட்டியலில் எழுதிக்கொண்டேன். பத்தொன்பதாவது இடம் கிடைத்தது. முனியாண்டி அண்ணன் மட்டும் எந்தக் குறையும் சொல்லவில்லை. "கத கொஞ்சம் மெதுவாப் போவுது மா. ஆனா நல்ல கத."

பஜனை

தஞ்சோங் காராங் பக்கம் ஒரு கோவிலில் வெள்ளிக்கிழமை பஜனைக்குப் பாட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் எங்கள் ரீடர் ஒன்றில் ஏற்றி வைத்திருந்தார்கள். கோவிலில் மட்டும் தூங்குகிறது, வீட்டுக்குக் கொண்டுபோனால் ஒழுங்காக இருக்கிறது என்று புகார். தூசியா, கற்பூரப் புகையா, கூட்டத்தின் சூடா என்று நானும் ஃபாரிட்டும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஃபாரிட் எங்கள் கம்பெனியில் வன்பொருள் பார்க்கிறவர், நான் மென்பொருள். ஒருவர்மேல் ஒருவர் பழி போட வசதியான ஏற்பாடு.

கடைசியில் வயல்களுக்கு நடுவே வாய்க்கால் ஓரமாகக் காரை ஓட்டிக்கொண்டு நேரிலேயே போனேன். கோவில் செயலாளர்தான் முன்பாட்டுப் பாடுகிறவர். நல்ல கணீர்க் குரல். முதல் அடியை எடுத்துக் கொடுத்தார். கூட்டம் வாங்கிப் பாடியது. இரண்டாவது அடிக்குக் குனிந்தார். பூனை. ரீடரை எங்கே வைத்திருந்தார் என்று பார்த்தேன். ஸ்பீக்கர் பெட்டியின் மேல். பெட்டிக்குள்ளே உள்ளங்கை அகலத்துக்குக் காந்தம். மூடியை மூடிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நம்பி, என் கருவி மரியாதையாகத் தூங்கப் போயிருக்கிறது. பெட்டியை விட்டு ஒரு முழம் தள்ளி வையுங்கள், சரியாகிவிடும் என்றேன்.

செயலாளர் தள்ளி வைத்தார். சரியாகியும்விட்டது. ஆனாலும் அவருக்கு மனசு ஆறவில்லை. "பஜனையில மனுசன் தூங்கிப் பாத்திருக்கேன். பாட்டுப் பொஸ்தகமே தூங்கி இப்பத்தான் பாக்குறேன்."

மேசையில் எல்லாம் சரி

நீங்களும் ஒரு மோட்டார்சைக்கிள் வைத்திருப்பீர்கள். வாரம் முழுக்கக் கடகடவென்று சத்தம் போட்டுவிட்டு, மெக்கானிக் காது வைத்துக் கேட்கும்போது மட்டும் குயில் மாதிரி ஓடும். என் ரீடருக்கும் அதே புத்தி. பள்ளியில் சில ரீடர்கள் பாதித் தூக்கத்தில் உறைந்துபோகின்றன என்று பத்மாக்கா போன் செய்தாள். ஃபாரிட் ஒரு சின்ன மோட்டாரில் ஒரு கை செய்து, மூடியைத் திறந்து மூடித் திறந்து மூட வைத்தார். நாளெல்லாம் அந்தக் கை ஆடியது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பள்ளிக்கு எடுத்துப் போனோம். மூன்றாவது தடவையிலேயே உறைந்தது.

பிறகுதான் பிள்ளைகளைக் கவனித்தேன். அவர்களுக்குக் கதையைவிடப் பூனைமேல் பிரியம். பூனை வருகிறதா என்று பார்க்க, மூடியைப் பாதி மூடி உடனே திறக்கிறார்கள். தூங்கப் போகிற வழியிலேயே எழுந்திரு என்றால் கருவி என்ன செய்யும்? அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் நிற்கிறது. ஃபாரிட்டின் இயந்திரக் கைக்கு இந்தக் குறும்பு தெரியாது. அதை நான் சரிசெய்ய இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் 'இது தூங்கவில்லை, நம்மேல் கோபித்துக்கொண்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டிருக்கிறது' என்பதுதான் ஃபாரிட்டின் நோய்நாடல். உறைந்த ரீடர் ஒன்றைக் கையில் எடுப்பார், என் பக்கம் திருப்பிக் காட்டி மலாயில் சொல்வார்: "புக்கான் திடோர் லா, தேவி. டியா மெராஜோக்."

வாய்விட்டுப் படித்தல்

அடுத்தது வகுப்புப் புகார். பத்மாக்காவின் வகுப்பில் பிள்ளைகள் முறை வைத்து வாய்விட்டுப் படிப்பார்கள். ஒருவர் படிக்க மற்றவர்கள் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பத்து நிமிஷம் யாரும் தொடவில்லையென்றால் கருவி தூங்கிவிடும், அப்படித்தான் எழுதியிருந்தேன். கடைசிப் பெஞ்சுக்கு முறை வருவதற்குள் கடைசிப் பெஞ்சு முழுக்கப் பூனை. தட்டி எழுப்பி, இடத்தைத் தேடி, அதற்குள் மணி அடித்துவிடும். விஜயதசமிக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

நான் ஒரே நாளில் மாற்றினேன். மூடி திறந்திருக்கிறவரை தூங்கவே கூடாது; மூடினால் மட்டும் தூங்கு. எவ்வளவு சுலபம்! ஒரு மணி நேரம் என்றாவது ஒரு வரம்பு வை, மூடாமல் விட்டுவிட்டால் பேட்டரி போய்விடும் என்று ஃபாரிட் சொன்னார். பிள்ளைகள் மூடாமல் விடமாட்டார்கள், அவர்களுக்குப் பூனையைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி, அதைப் பட்டியலில் இருபதாவதாகப் போட்டேன். நாற்பதிலும் புது நிரலை ஏற்றிய அன்று வகுப்பு முழுக்க ஒரு பூனைகூட வரவில்லை. பத்மாக்கா வாசல் வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பத்தான் லா இது பொஸ்தகம் மாதிரி இருக்கு."

அடுக்கு

சரஸ்வதி பூஜை அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை. பள்ளி விடுமுறை என்பதால் வெள்ளிக்கிழமையே பூஜையை வைத்துவிட்டார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தாள் பத்மாக்கா. உங்களுக்குத் தெரியும்: அன்றைக்குப் புத்தகத்தையெல்லாம் சாமி முன்னால் வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் எடுக்கிறவரை தொடக்கூடாது. பிள்ளைகளிடம் இப்போது இருக்கிற புத்தகம் ரீடர்தானே. முதல் நாளே முழு சார்ஜ் ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொரு மூடியிலும் சந்தனம், குங்குமம். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று இரவு சாமிக்கு முன்னால் தூங்கப் போகின்றன. தூங்குவதற்கென்றே ஒரு பண்டிகை இருக்கிறதே என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

யாழினி என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அடுக்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஒரே பக்கமாக, நேராக வைத்தது. மூடியின் முதுகுப்பக்கம் கொஞ்சம் தடிமன். பத்து வைப்பதற்குள் அடுக்கு சாய்ந்தது. மறுபடி அடுக்கியது. மறுபடி சாய்ந்தது. நாங்கள் படித்த காலத்தில் நோட்டுப் புத்தகத்தை இதே மேசையில் எத்தனை வருஷம் அடுக்கியிருக்கிறோம்! எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுத்தேன்: ஒன்றின் முதுகு இந்தப் பக்கம், அடுத்ததன் முதுகு அந்தப் பக்கம், மாற்றி மாற்றி. நாற்பதையும் நான்கு அடுக்காக இருவரும் சேர்ந்து வைத்தோம். யாழினி தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். "இப்பச் சாயல, அக்கா."

உள்ளே

திங்கட்கிழமை காலை. அறக்கட்டளை அதிகாரி திருமதி விமலா சரியான நேரத்துக்கு வந்துவிட்டார். மெதுவாகப் பேசுகிறவர், பிள்ளைகளைப் பார்த்ததும் முகம் மலர்கிறவர். குறை சொல்லவே முடியாத மனுஷி. அதுதான் பிறகு இன்னும் வலித்தது. பெற்றோர் சிலர் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். புத்தகம்தான் வேண்டும் என்று சொன்னவர்களே முன்னால் நின்றார்கள். கற்பூரம் காட்டி, அடுக்கைப் பிரித்து, அவரவர் ரீடரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூடியைத் திறந்தார்கள். வகுப்பு முழுக்கப் பக்கங்கள். ஒரு பூனை இல்லை. எல்லாம் எழுந்துவிட்டன என்று நான் மூச்சு விட்டேன். பத்மாக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

யாழினி எழுந்து நின்று படித்தாள். என்ன அழகான உச்சரிப்பு! கிணற்றடியில் ஒரு பெண்பிள்ளை சத்தம் கேட்டு நிற்கிற கதை. திருமதி விமலா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "மீனா குனிந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே" என்று படித்து, யாழினி பக்கத்தைத் தொட்டாள். இன்னொரு தடவை தொட்டாள். அந்த இரண்டாவது தொடலிலேயே நான் எழுந்து பிள்ளைகள் பக்கம் போனேன். தினமும் எழுப்புகிறவர்களுக்குத் தெரியும், தூக்கத்துக்கும் மற்றதுக்கும் உள்ள வித்தியாசம். பக்கத்துப் பிள்ளையின் ரீடரைத் தொட்டேன். அடுத்ததைத் தொட்டேன். நாற்பதும் செத்துக்கிடந்தன, வெள்ளிக்கிழமை விட்ட பக்கத்தைக் காட்டிக்கொண்டு. பட்டியலில் பத்தொன்பதாவது ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? எனக்கு அப்போது நன்றாக ஞாபகம் வந்தது.

யாழினி விடவில்லை. தான் வேகமாகப் படித்துவிட்டோமோ என்று நினைத்திருக்கவேண்டும்; அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து மறுபடி நிறுத்தி நிதானமாகப் படித்தாள். மறுபடி "உள்ளே" என்று வந்து நின்றாள். கண் நிறைந்துவிட்டது. திருமதி விமலா முன்னால் சாய்ந்து, கேலியே இல்லாமல், தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டார்: "உள்ள யாரு மா?"

இருபது நிமிஷம்

முழுக்கச் செத்த ரீடர், வயர் மாட்டினாலும் உடனே எழாது. கொஞ்சம் சார்ஜ் ஏறிய பிறகுதான் கண் திறக்கும். இருபது நிமிஷமாவது ஆகும். அந்த இருபது நிமிஷத்தை வைத்ததும் நான்தான், பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக. வகுப்பில் இரண்டு பிளக். முனியாண்டி அண்ணன் எங்கிருந்தோ நீட்டு வயர் ஒன்றை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். பத்மாக்கா பிள்ளைகளை எழுப்பிக் கதையை வாயால் சொல்லவைத்தாள். ஒரு பையன் அரசன் கதை சொன்னான், ஒரு பெண் முயல் கதை சொன்னாள். நல்லாத்தான் சொன்னார்கள். நான் தரையில் வயர்களுக்கு நடுவே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த வேண்டுதலும் மிச்சம் வைக்கவில்லை.

திருமதி விமலாவுக்கு அடுத்து சபாக்கில் ஒரு பள்ளி. இருந்தும் கால் மணி நேரம் காத்திருந்தார். பிறகு எழுந்தார். பெற்றோரைத் தாண்டி நடக்கும்போது பத்மாக்கா தலை நிமிரவில்லை. கூட்டத்தில் அவளை எதிர்த்துப் பேசியவர்களே இப்போது வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை. வண்டி கேட்டைத் தாண்டியதும் முதல் ரீடர் எழுந்தது. யாழினியுடையது. அவள் பக்கத்தைத் திருப்பினாள், படித்தாள், வாசல் வரை ஓடினாள். வண்டி போய்விட்டதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் என்னிடம் சொன்னாள்: "உள்ள இருந்தது ஆமையாம், அக்கா."

முதுகுக் காந்தம்

அறக்கட்டளை சொன்னபடியே பள்ளியிலிருந்து எடுத்து அனுப்பிவிட, இரண்டு வாரத்தில் நாற்பதும் ரவாங்குக்குத் திரும்பி வந்தன. மூடிகளில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. துடைக்க மனசு வரவில்லை. ஏன் செத்தன என்று மட்டும் தெரியவில்லை. ஃபாரிட் முழு சார்ஜ் ஏற்றி, பத்துப் பத்தாக அடுக்கி, மின்சாரம் அளக்கும் மீட்டரை மாட்டிவைத்தார். மூன்று நாள் குழந்தைகள் மாதிரி தூங்கின. இன்னொரு தடவை வைத்தார். அடுக்கு சாய்ந்துகொண்டே இருந்தது. நான் எரிச்சலில் எழுந்து போய், சாயாமல்தான் வைக்கக்கூடாதா என்று சொல்லி, முதுகை மாற்றி மாற்றி அடுக்கினேன். மீட்டரின் முள் எழுந்தது.

நின்ற இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. மூடியின் ஓரத்தில் இருக்கிறது சின்னக் காந்தம், தூங்கச் சொல்வது. முதுகில் இன்னொன்று இருக்கிறது, பெரியது, மூடியைப் பின்னால் மடித்தால் பிடித்துக்கொள்வதற்கு. நேராக அடுக்கினால் முதுகு முதுகோடு போய்விடும், வம்பில்லை. மாற்றி அடுக்கினால் மேலேயோ கீழேயோ இருப்பதன் முதுகுக் காந்தம் அடுத்ததன் ஓரக் காந்தத்தோடு ஒட்டி உட்கார்ந்து, அதன் பலத்தை அழித்துவிடுகிறது. மூடி திறந்துவிட்டது என்று கருவி நம்புகிறது. திறந்திருந்தால் தூங்காதே என்று நான் சொல்லியிருக்கிறேன். அப்படியே கீழ்ப்படிந்து, சரஸ்வதி முன்னால் மூன்று நாள் கண்ணை மூடாமல் விழித்திருந்து செத்திருக்கின்றன நாற்பதும். அடுக்கச் சொல்லிக் கொடுத்தது நான். விழித்திருக்கச் சொன்னதும் நான். அந்தப் பள்ளியில் பூஜைக்குப் புத்தகம் எப்படி அடுக்குவார்கள் என்று தெரிந்த ஒரே இன்ஜினியர் இந்தக் கம்பெனியில் நான்தான். ஃபாரிட்டுக்கு எப்படித் தெரியும்?

கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வந்து, இருபதாவதாகப் போட்டிருந்த வரம்பை எழுதினேன். மூன்று வரி. பிறகு பத்தொன்பதையும் எழுதினேன். மாற்றி அடுக்கி, மூன்று நாள் விட்டு, முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாற்பது மூடியையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். நாற்பதும் திறந்தவுடன் எழுந்தன. அவர் கைதட்டினார், நிஜமாகவே சந்தோஷப்பட்டார். பிறகு அலமாரியை ஒரு தடவை பார்த்தார். "ரொம்ப நல்லது, தேவி. இப்ப இத யாருகிட்ட குடுக்குறது?"

ஞாபகம்

பத்மாக்காவுக்குப் போன் செய்ய எனக்கு ஒரு வாரம் ஆனது. உண்மையைச் சொன்னேன், அடுக்கிலிருந்து மூன்று வரிவரை எல்லாவற்றையும். அவள் திட்டியிருந்தால் நான் கொஞ்சம் லேசாகியிருப்பேன். நாம் அப்படித்தானே அடுக்குவோம் என்று மட்டும் சொன்னாள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அவள் போகவில்லை, தலைவலி என்று சொல்லிவிட்டாளாம்.

புத்தகம் வந்ததா என்று கேட்டேன். வந்தது, ஒரு அறைக்கு இல்லை, ஒரு அலமாரிக்கு. மழை பிடிப்பதற்குள் உயரமான இடம் பார்க்கவேண்டும் என்று முனியாண்டி அண்ணன் அளந்துகொண்டிருக்கிறாராம். பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். பிடித்திருக்கிறது, ஆனால் முதல் நாளே ஒரு சண்டை என்றாள். யாழினி பாதிக் கதையில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறாள். வந்து திறந்தால் முதல் பக்கம். நேராகப் பத்மாக்காவின் மேசைக்கு வந்து புகார் கொடுத்திருக்கிறாள்: "இந்தப் பொஸ்தகம் சரியில்ல டீச்சர். நான் எங்க விட்டேன்னு இதுக்கு ஞாபகமே இல்ல."

ரவாங்கில் எங்கள் அலமாரியில் நாற்பது ரீடர்களும் இப்போது மூடினால் தூங்குகின்றன, திறந்தால் எழுகின்றன, எந்தப் பிள்ளை எந்தப் பக்கத்தில் விட்டது என்பதைக்கூட ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்திருக்கின்றன. திறந்து பார்க்கத்தான் பிள்ளையில்லை.